ரைபிள் உறுப்புகளை வீட்டுப் பட்டறையில் செய்யலாமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வீட்டின் பின்புறத்தில் சிறு பட்டறை வைத்திருப்போர் அநேகர். பகலெல்லாம் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு, மாலையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பதே இவர்களுக்கு இன்பம். வேட்டைக்காகவும் குறிபார்த்துச் சுடும் பந்தயத்துக்காகவும் ரைபிள் வைத்திருக்கும் இவர்களிடையே ஒரு கேள்வி ஓயாமல் நடமாடி வருகிறது. துப்பாக்கியின் உறுப்புகளை விலை கொடுத்து வாங்குவதா, அல்லது தாமே கடைந்து கொள்வதா என்பதே அது. இதைச் சிலருடைய விளையாட்டென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கைத்திறமை எதுவரை செல்லலாம், எந்த இடத்தில் தொழிலாளி தானாகவே நின்றுவிட வேண்டும் என்ற விஷயம் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1968ஆம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டப்படி, விற்பனைக்காகச் செய்யும் தொழிலை நடத்துவோருக்கே மத்திய ஸர்க்காரின் லைஸென்ஸ் வேண்டும். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை இழக்காத ஒருவன், சொந்த உபயோகத்துக்காகச் சாதாரண ரைபிள் ஒன்றைச் செய்துகொண்டால் மத்திய சட்டம் அவனைத் தடுப்பதில்லை. இயந்திரத் துப்பாக்கி விஷயத்தில் அப்படியில்லை. குடிமக்கள் அதைப் புதிதாகச் செய்யும் வழியை 1986இல் அடைத்துவிட்டார்கள். குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிளுக்கோ 1934ஆம் வருஷச் சட்டப்படி முன்கூட்டியே அனுமதி பெற்றாக வேண்டும். காலிபோர்னியா போன்ற சில ராஜ்யங்கள் இன்னும் கண்டிப்பானவை. வீட்டில் செய்த துப்பாக்கிக்கும் எண் பெற்றுப் பொறிக்க வேண்டும் என்கின்றன. அரைகுறையாகக் கடைந்த உறுப்புகளைப் பெட்டியில் அடைத்து விற்கும் வியாபாரம் பெருகி, எண்ணில்லாத துப்பாக்கிகள் குற்றவாளிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அதன்மேல் 2022இல் ஸர்க்கார் புது விதி செய்தது. அவ்விதி சட்டத்துக்கு முரணன்று என்று 2025 மார்ச் 26இல் அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 7 நீதிபதிகள் ஒருபுறம், 2 பேர் மறுபுறம்.

நம் தேசத்து நிலை வேறு என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நலம். லிட்டன் பிரபு காலத்தில் 1878இல் வந்த ஆயுதச் சட்டத்தின் கசப்பை நம்மவர் மறக்கவில்லை; 1931இல் கராச்சிக் காங்கிரஸ் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் தன் தீர்மானத்தில் சேர்த்தது. ஆயினும் சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைஸென்ஸ் இல்லாமல் துப்பாக்கியையோ அதன் உறுப்பையோ செய்வது குற்றம். 2019இல் செய்த திருத்தத்துக்குப் பின் அதற்குத் தண்டனை 7 வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம். ஆகவே, கீழே வருவதைப் படித்துவிட்டு எவரும் இங்கே உலை மூட்ட வேண்டாம்.

நிற்க. அமெரிக்கப் பட்டறைக்காரனின் ஆசை அற்பமானதல்ல. பணத்தை மிச்சம் பிடிக்கவே அவன் இதில் இறங்குகிறான் என்று நினைப்பது தவறு. கடைசல் இயந்திரத்துக்கும் அளவுக்கருவிகளுக்கும் ஆகும் செலவில் நல்ல ரைபிள்கள் பலவற்றை வாங்கிவிடலாம். பாட்டனார் வைத்திருந்த பழைய துப்பாக்கியில் ஓர் உறுப்பு உடைந்துபோய், அதைச் செய்த கம்பெனி என்றோ மூடப்பட்டிருந்தால், அவன் வேறு என்ன செய்வான்? தன் கையால் செய்தது என்ற பெருமையும் இருக்கிறது. கதர் நூற்றவர்களின் தேசத்தில் அந்தப் பெருமையை விளக்க வேண்டியதில்லை.

அன்றியும், அவன் முன்னே நிற்கும் இயந்திரங்களுக்கும் துப்பாக்கிக்கும் நெடுநாள் உறவு உண்டு. வளைந்து நெளிந்த துப்பாக்கிக் கட்டையைத் தானாகவே கடையும் இயந்திரத்துக்கு 1819இல் காப்புரிமை பெற்றவர் தாமஸ் பிளான்சார்டு. மாஸசூஸெட்ஸிலுள்ள ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையில் அது வேலை செய்தது. 1820களில் ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் ஜான் ஹால் என்பவர், எந்தத் துப்பாக்கியின் உறுப்பும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தும்படி செய்து காட்டினார். புகழ் மட்டும் எலி விட்னிக்குப் போயிற்று. அவர் 1798இல் 10,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் எழுதி 1809இல்தான் முடித்தார். அவற்றின் உறுப்புகள் சரியாக மாறிப் பொருந்தவில்லை என்று பின்னால் சோதித்தவர்கள் கண்டார்கள். ஹாலின் வெற்றிக்கு இயந்திரம் பாதிக் காரணம். மற்றப் பாதி, ஒவ்வொரு உறுப்பையும் விடாமல் அளந்து பார்ப்பதற்கு அவர் செய்து வைத்திருந்த அளவுக்கருவிகள். வீட்டுப் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் முதற்பாதியை மட்டுமே கண்டு மயங்குகிறார்கள்.

எஃகு கண்ணுக்கு வடிவத்தை மட்டுமே காட்டும். அதன் உள்ளே நெருப்பு செய்த வேலை வெளியே தெரியாது. இதற்கு ஸ்பிரிங்பீல்டின் சரித்திரத்தையே சாட்சியாக அழைக்கிறோம்.

அமெரிக்கச் சேனை 1903இல் ஒரு ரைபிளை ஏற்றுக்கொண்டது. அதன் தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 50,000 ராத்தல் அழுத்தம் உண்டாகும். குழலின் பின்புறத்தில், போல்ட்டைத் தாங்கி நிற்கும் ரிஸீவர் என்ற எஃகுக் கூடு அந்த அடியைத் தாங்கியாக வேண்டும். முகத்துக்கும் வெடிக்கும் இடையே அதைத் தவிர வேறு காப்பில்லை. 1917இல் அந்த ரைபிள்களில் சில, சுடுபவர் கையிலேயே வெடித்துச் சிதறின. விசாரணை நடந்தது. உலையிலிருந்த தொழிலாளிகள் கைதேர்ந்தவர்கள். பல வருஷ அனுபவம் உள்ளவர்கள். எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டை மதிப்பிட்டு வந்தார்கள். நல்ல வெயில் அடிக்கும் நாளில் பளிச்சென்ற வெளிச்சத்தில், பழுக்கக் காய்ந்த எஃகும் மங்கலாகத் தோன்றும்; மேகம் மூடிய நாளில் அதே எஃகு ஜொலிக்கும். சரியான சூடு என்று கண் சொன்னது, வெயில் நாளில் உண்மையில் 300 பாரன்ஹீட் டிகிரி வரை கூடுதலாக இருந்ததாம். அதிகச் சூடு பட்ட எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைந்துவிட்டது. அளவில் குற்றமில்லை, வடிவில் குற்றமில்லை, சோதனைத் தோட்டாவையும் தாங்கிற்று. அப்படியிருந்தும் பிற்பாடு ஒரு நாள் பிளந்தது.

பின்னர் சூட்டை அளக்கும் கருவிகளை வைத்தார்கள். நம் கொல்லர்கள் துவைச்சல் என்பார்களே, அந்தப் பதம் போடும் முறையையும் மாற்றினார்கள். 1918இல், 800,000 என்ற எண்ணுக்கு அருகிலிருந்து புது முறை நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ராக் ஐலண்டு ஆயுதசாலையில் செய்தவற்றையும் சேர்த்து 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரைபிள்கள் வெளியே போய்விட்டன. ஆயுதத் துறையில் உயர்ந்த பதவி வகித்த ஜூலியன் ஹாட்சர் 1947இல் வெளியிட்ட நூலில், 1917 முதல் 1929 வரை வெடித்த 68 ரைபிள்களின் கணக்கைக் கொடுத்திருக்கிறார். உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் 3 பேர் கண்ணிழந்தார்கள். 10 லட்சத்தில் 68 என்பது பெரிய தொகையா என்று கேட்பவரும் உண்டு. அந்த 68 எவை என்பதை முன்னால் அறிய வழியில்லை என்பதே இதிலுள்ள கொடுமை. குடிமக்களுக்குச் சேனையின் பழைய ரைபிள்களை விற்றுவரும் ஸிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற ஸ்தாபனம், அந்தப் பழைய எண்களுள்ள ரைபிள்களைச் சுடவே வேண்டாமென்று இன்றும் எச்சரிக்கிறது.

ஸர்க்காரின் பணமும், பரம்பரைத் தொழிலாளிகளும், அளவுக்கருவிகளும் நிறைந்த ஓர் ஆயுதசாலைக்கு நேர்ந்த கதி இது. சனிக்கிழமை மாலைகளில் மட்டும் உலையண்டை நிற்பவன் எந்தத் தைரியத்தில் ரிஸீவர் செய்யத் துணிகிறான்? தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஏற்கத்தக்க அளவுக்கும் தள்ளத்தக்க அளவுக்கும் உள்ள வித்தியாசம், அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஐந்தாறு பங்குதான். நூல் சரியாக நூற்கப்படாவிட்டால் வேஷ்டி கிழியும். இங்கே கிழிவது முகம்.

அவர்கள் உடனே ஜான் பிரௌனிங்கின் பெயரைச் சொல்வார்கள். யூட்டாவில் ஆக்டன் என்ற ஊரில், தகப்பனாரின் பட்டறையில், சொற்பக் கருவிகளைக்கொண்டு அவர் செய்த ரைபிளுக்கு 1879இல் காப்புரிமை கிடைத்ததும், 1883இல் வின்செஸ்டர் கம்பெனி அந்த உரிமையை வாங்கியதும் உண்மைதான். ஆனால் பிரௌனிங் துப்பாக்கிக் கொல்லரின் மகன். நடை பழகியதே பட்டறைத் தரையில். அவரை உதாரணம் காட்டுவோர் அந்தப் பயிற்சியையும் சேர்த்துக் காட்டட்டும்.

ஆகையால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். குறிபார்க்கும் சாதனம், துப்பாக்கிக் கட்டை, தோட்டாப் பெட்டியின் மூடி, வார் மாட்டும் வளையம் இவற்றை அவன் தாராளமாகக் கடையட்டும், அழகாகவே கடையட்டும். வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் குழல், போல்ட், ரிஸீவர் என்ற மூன்றையும், எஃகைச் சோதிக்கவும் பதம் போடவும் வசதியுள்ள தொழிற்சாலைக்கு விட்டுவிட வேண்டும். விசை ஓர் இடைப்பட்ட விஷயம். அது அழுத்தத்தைத் தாங்குவதில்லை. ஆனால் தேய்ந்த விசை, தொடாமலே சுடும். அதில் கை வைப்பவன், அனுபவமுள்ள துப்பாக்கிக் கொல்லர் ஒருவரிடம் காட்டாமல் தோட்டா போடக் கூடாது.

"வெடித்தால் என் முகந்தானே?" என்று சிலர் வீரம் பேசுகிறார்கள். சுடும் மைதானத்தில் அவனுக்கு வலப்புறம் ஒருவன், இடப்புறம் ஒருவன் படுத்திருப்பதை அவர்கள் மறக்கிறார்கள். துப்பாக்கியோ, செய்தவனைவிட நீண்ட ஆயுள் உடையது. 1917க்கு முன் உருவான ரைபிள்கள் இன்றும் அமெரிக்க வீடுகளின் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றிலாவது எண் இருக்கிறது. எண்ணைப் பார்த்து ஜாக்கிரதையாயிருக்கலாம். வீட்டில் கடைந்த ரிஸீவர் மகனுக்கும் பேரனுக்கும் போய்ச் சேரும்போது, எந்த எஃகு, எத்தனை சூடு, யார் அளந்தது என்பதைச் சொல்ல அதில் ஒரு குறிப்பும் இராது.