முள்ளுக்குப் பின்னால் உள்ள கணக்கு
எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் டாஷ்போர்டு
தயாரிப்பு: அபிங்டன், இங்கிலாந்து, 1962–1980

பழைய கார் பிரியர்கள் கறுப்பு டயலைப் பால்நிறமாக்குவார்கள். வெளிறிய முள்ளுக்கு வண்ணம் பூசுவார்கள். குரோமிய வளையம் மாற்றுவார்கள். அதெல்லாம் அலங்காரம். உள்ளே கைவைப்பவர்களுக்குத்தான் சோதனை.

ஸ்பீடோமீட்டர் ஓட மின்சாரம் வேண்டாம். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் தொடாமலே ஓர் உலோகக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள்வில் எதிர்த்து நிற்க, அந்த இழுபறியில் முள் நிலைகொள்கிறது. டயலில் 1000 போன்ற ஒரு சிற்றெண் இருக்கும்; ஒரு மைலுக்குக் கேபிள் சுற்ற வேண்டிய சுற்றுகள் அவை. டயர் அளவையோ பின் அச்சின் பல்விகிதத்தையோ மாற்றிவிட்டு மீட்டரை அப்படியே விட்டால் வேகம் தப்பாகவே தெரியும்.

எஞ்சின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் வேறு ரகம்; பெரும்பாலான கார்களில் அதற்கு மின்சாரம் வேண்டும். 1967 வரை பேட்டரியின் நேர்முனைதான் கார் உடலோடு இணைந்திருந்தது, பிறகு எதிர்முனை. பழைய காரில் ஆல்டர்னேட்டர் பொருத்த முனைகளை மாற்றுவோர், மீட்டரின் உள் இணைப்புகளையும் திருப்ப வேண்டும்.

பந்தயக்காரர்கள் செய்த மாற்றம்தான் அழகு. ஆர்பிஎம் மீட்டரையே சற்றுத் திருப்பிப் பொருத்தி, சிவப்புக்கோட்டை உச்சிக்குக் கொண்டுவந்தார்கள். முள் நிமிர்ந்தால் கியர் மாற்று! எண்ணைப் படிக்கத் தேவையில்லை, செலவும் இல்லை.

தொடக்ககாலக் கார்களில் எண்ணெய் அழுத்தத்தையும் நீரின் வெப்பத்தையும் ஒரே மீட்டர் காட்டும். கழற்றுவோர் கவனிக்க: ஈதர் அடைத்த அதன் மெல்லிய குழாய் ஒடிந்தால் வெப்பமுள் அசையாது.