கோவிந்தசாமிக்கு இரண்டு எண்

இறந்துபோன முன்னோருக்காகவும் திருமுழுக்குப் பெறலாம் என்பது மார்மன் திருச்சபையின் நம்பிக்கை. அதற்கு முன்னோரின் பெயர் தெரிந்தாக வேண்டும். 1894-இல் அமெரிக்காவின் யூட்டாவில் வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். பல நாட்டுப் பதிவேடுகளை நுண்படச் சுருளில் பிடித்து, கருங்கல் மலையைக் குடைந்து பாதுகாத்தார்கள். சுமார் 24 லட்சம் சுருள்களும் 2021-இல் கணினிக்கு மாறிவிட்டன. அவர்களின் 'ஃபேமிலிசர்ச்' தளத்தில் எந்த மதத்தவரும் காசில்லாமல் தேடலாம்.

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒருவர் தேடினால்? மேற்கத்தியத் தேடல் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். நமக்கு அது கிடையாது. மலேசிய அடையாள அட்டையில் தன் பெயர், மகன் என்றால் 'ஏ/எல்', மகள் என்றால் 'ஏ/பி', பிறகு அப்பா பெயர். ஆனாலும் அதுவே ஏணி: உங்கள் அட்டையில் அப்பா, அப்பாவின் சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புப் பத்திரத்தில், தாத்தா.

ஏணி சறுக்குவது எழுத்துக்கூட்டலில். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதினாரோ, அதுதான் பெயர். இப்படிப்பட்ட குழப்பத்துக்காகவே ராபர்ட் ரசல் என்ற அமெரிக்கர் 1918-இல் 'சவுண்டெக்ஸ்' முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் எழுத்து அப்படியே நிற்கும். உயிரெழுத்துகள் போய்விடும். மற்ற மெய்களில் ப, வ ஒலிகளுக்கு 1, த, ட ஒலிகளுக்கு 3, ம, ன ஒலிகளுக்கு 5, ர ஒலிக்கு 6. மூன்று எண்ணோடு கணக்கு முடியும். சுப்பிரமணியத்தை ஒற்றைப் 'ப'வில் எழுதினாலும் இரட்டைப் 'ப'வில் எழுதினாலும் எஸ்-165தான்.

கோவிந்தசாமியிடம் இந்த வித்தை பலிக்காது. ஒரு கிராணி எழுதியது ஜி-153, இன்னொருவர் எழுதியது கே-153. ஆங்கிலக் காதுக்கு அவை வேறு வேறு ஒலிகள். தமிழுக்கு ஒரே 'க'. செல்லம்மாவும் அப்படியே எஸ், சி என்று இரண்டாகிவிடுவார். ஆகவே க, ச, த, ப என்று தொடங்கும் பெயர்களை முதலெழுத்தை மாற்றி மீண்டும் தேட வேண்டும்.

அடுத்து, ஆண்டை நெருக்கலாம். கேமரன் மலையில் 'போ' தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929-இல். கூலித் தொழிலாளரை உதவித்தொகை கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. ஆள் சேர்க்கும் கங்காணி வழியாக ஊரிலிருந்து நேரே இத்தோட்டத்துக்கு வந்தவர் என்றால் அந்த இடைவெளிக்குள்தான் கப்பலேறியிருக்க வேண்டும். அதிலும் 1930களின் தொடக்கத்தில், உலகப் பொருளாதார மந்தத்தால் ஆளெடுப்பு நின்றிருந்தது. ரப்பர் தோட்டத்திலிருந்து மலையேறியவர் என்றால் முதலில் அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மரபணுச் சோதனை எளிய வழி என்று தோன்றும். ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறைதோறும் மணம் முடித்த குடும்பத்தில், ஒரே முன்னோரின் மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும். தூரத்து உறவினர் சோதனையில் நெருங்கிய உறவினராகத் தெரிவார்.

இவை எல்லாவற்றிலும் மலிவான சான்று அண்டை வீட்டில் இருக்கிறது. கங்காணி ஆள் சேர்த்தது பெரும்பாலும் சொந்த ஊரிலும் உறவிலும்தான். உங்கள் தாத்தாவின் ஊர் மறந்துபோயிருந்தாலும், அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் இருந்தவர்களின் ஊரைக் கேட்டால் துப்புக் கிடைக்கலாம். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பழைய லயத்துக் குடும்பங்கள் பல பட்டணங்களுக்குப் பிரிந்து போய்விட்டன. பதிவேடு காத்திருக்கும், பாட்டிமார் காத்திருக்க மாட்டார்கள். முதலில் அவர்களைக் கேளுங்கள்.