வரைபடத்தில் நம் தோட்டம்



ரப்பர்க் கன்றை நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன் பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு அந்த மரம் பால் தரும். செம்பனை மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே குலை தள்ளும்; அதற்கும் ஆயுள் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுதான். எந்தக் காட்டை எந்த ஆண்டு சாய்ப்பது, எங்கே மறுநடவு செய்வது என்று தோட்ட அலுவலகத்தில் ஒரு கணக்கு எப்போதும் உண்டு. ஆகவே நெடுங்காலத் திட்டம் என்றால் என்ன என்பதை நம் மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்துக்கு இப்படி ஒரு திட்டம் இருக்கிறது. மரத்தை வளர்க்கிற குடும்பங்களுக்கு? இன்று லயத்து வாசலில் ஓடி விளையாடும் பிள்ளை வளர்ந்து குடும்பம் நடத்தும் காலத்தில் இந்த இடம் தோட்டமாகவே இருக்குமா, தாமானாக மாறியிருக்குமா, தொழிற்பேட்டையாகியிருக்குமா? அப்போது பள்ளிக்கூடம் எங்கே இருக்கும்? கோயில் எங்கே இருக்கும்?

இதற்கும் ஒரு திட்டம் எழுதப்படுகிறது. அதை எழுதும்போது பொதுமக்களுக்கு அறிவித்து, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்தோம்.

1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் என்று ஒன்று உண்டு. சட்டம் 172 என்றும் அதைச் சொல்வார்கள். தீபகற்ப மலேசியாவின் மாநிலங்களில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது இந்தச் சட்டத்தின் கீழ்தான் திட்டமிடப்படுகிறது. மாநிலம் முழுமைக்கும் ஒரு திட்டம் எழுதப்படும். மலாயில் அதன் பெயர் 'ரஞ்சாங்கான் ஸ்ட்ரக்தூர்'. சிலாங்கூரின் திட்டம் 2035-ஆம் ஆண்டையும், பேராக்கின் திட்டம் 2040-ஆம் ஆண்டையும் எல்லையாக வைத்து எழுதப்பட்டவை. இதற்கு அடியில் மாவட்ட அளவில் இன்னொரு திட்டம் வரும். அது 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்', அதாவது உள்ளூர்த் திட்டம். நாம் கண் வைக்க வேண்டியது இந்த இரண்டாவதன் மீதுதான். ஏனென்றால் இதில்தான் வரைபடம் வருகிறது. வீட்டுப் பகுதிக்கு ஒரு நிறம், கடைத்தெருவுக்கு ஒரு நிறம், தொழிற்சாலைக்கு ஒரு நிறம், விவசாயத்துக்கு ஒரு நிறம் என்று மாவட்டம் முழுவதற்கும் நிறம் தீட்டியிருப்பார்கள். நம் தோட்டத்தின் மீது விவசாயத்தின் நிறம் போய் வேறு நிறம் ஏறிவிட்டால், மரம் இன்னும் நின்றாலும், காலையில் பெரட்டு இன்னும் நடந்தாலும், அந்தத் தோட்டத்துக்கு நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள்.

இது வெறும் அச்சுறுத்தல் என்று எண்ண வேண்டாம். பங்சார், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் இவையெல்லாம் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள். சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்து மண்ணில். ஷா ஆலாம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணில். பால்மரம் வெட்டியவர்கள் பி.பி. 86 என்ற மர வகையை அறிவார்கள். அந்த 'பி.பி.' என்பது பிராங் பெசார் தோட்டத்தின் பெயர்ச் சுருக்கம். 1921-இல் திறந்த அந்தத் தோட்டமும் அதை ஒட்டிய தோட்டங்களும் இருந்த இடத்தில்தான் 1995-இல் புத்ராஜெயாவைக் கட்டத் தொடங்கினார்கள். அங்கே இருந்த ஏறத்தாழ நானூறு குடும்பங்கள் டிங்கில் அருகே தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. அந்தக் கட்டடங்களில் விரிசல் என்றும், தரை வீடு வேண்டும் என்றும் அவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டு வந்தார்கள். நாட்டுக்கு நகரம் வேண்டும், விமான நிலையம் வேண்டும். அதில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் நகரம் வருவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன்பே அது தாளில் வந்துவிடுகிறது. தாளில் வரும்போது பேசாதவர், மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போது எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயன் குறைவு.

பயன் ஏன் குறைவு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பலருக்குத் தெரியாத இடம் இது. ஒரு நிறுவனம் தோட்ட நிலத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் எதுவும் இல்லையானால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, மறுப்புச் சொல்ல 21 நாள் தர வேண்டும் என்கிறது சட்டம் 172. உரிமையாளர்களுக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். பாட்டன் காலம் முதல் லயத்தில் வாழ்ந்தாலும் நிலம் நம் பெயரில் இல்லை. ஆகவே அந்தக் கடிதம் நம் வீட்டுக்கு வராது. உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்றால், அந்தப் பிரிவின்படி பக்கத்து நிலக்காரருக்கே தெரிவிக்க வேண்டியதில்லை. திட்டம் எழுதும்போதே எல்லாரையும் கேட்டாகிவிட்டது என்பது சட்டத்தின் கணக்கு.

அப்படியானால் திட்டம் எழுதும் நேரந்தான் நமக்குத் திறந்திருக்கும் வாசல். அங்கே நிலப்பட்டா வைத்திருப்பவர், இல்லாதவர் என்ற பேதம் கிடையாது. எழுதத் தொடங்கும் முன்பே திட்டத்தின் நோக்கத்தையும் அதில் அடங்கும் பொருள்களையும் ஊராட்சி அமைப்பு விளம்பரப்படுத்த வேண்டும். நகல் திட்டம் தயாரானதும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, செய்தித்தாளில் அறிவிக்க வேண்டும். மறுப்போ கருத்தோ எழுதித் தர நான்கு வாரத்துக்குக் குறையாத காலம் தர வேண்டும். எழுதிக் கொடுத்தவர்களின் வாதத்தைக் கேட்பதற்கு விசாரணையும் உண்டு. நேரில் பேச விரும்புகிறோம் என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

நான்கு வாரம் என்பது கேட்க நீளமாகத் தோன்றும். வாரத்தில் ஆறு நாள் வேலைக்காட்டில் இருப்பவருக்கு அது நான்கு ஞாயிற்றுக்கிழமைதான். அதில் ஒன்று கோயில் திருவிழாவாகவும் இன்னொன்று கலியாணமாகவும் போய்விடும். அதனால் அறிவிப்பு வந்த பிறகு கூடிப் பேசலாம் என்று இருப்பது சரிப்படாது. நம்முடைய கணக்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

இந்த நாட்டில் ஊர்ப்புறத் திட்டத்துக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது. 1959-இல் ஊரக வளர்ச்சிக்கென ஓர் அமைச்சு அமைந்தது. துன் அப்துல் ரசாக் அதற்குத் தலைமை தாங்கினார். அவர் மாவட்டந்தோறும் பெரிய சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றை வைக்கச் செய்தார். அதற்குள் மாவட்டத்தின் வரைபடம் இருக்கும். அதன் மேல் மெல்லிய தாள்களை விரித்து, எங்கே சாலை, எங்கே தண்ணீர், எங்கே பள்ளிக்கூடம் என்று குறிப்பார்கள். கம்பத்து மக்கள் கேட்டது எது, நடந்தது எது, நடக்காதது எது என்று மேசையில் பார்த்தால் தெரிந்துவிடும். தோட்டங்களோ தனியார் நிலம். அவற்றின் உட்புறத் தேவைகள் முதலாளியின் பொறுப்பு என்று பெரும்பாலும் விடப்பட்டன. அந்த வழக்கம் நீண்ட காலம் தொடர்ந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தின் முறையை நாமே கையில் எடுத்துக்கொள்ள யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

ஒரு பெரிய தாளை விரித்துத் தோட்டத்தை வரையுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. சாலை, ஆறு, லயங்கள், பள்ளி, கோயில், ஆயாக்கொட்டகை, பந்துத் திடல், சுடுகாடு, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் தாழ்வான இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொரு லயத்திலும் எத்தனை குடும்பம், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை, இன்னும் ஐந்து ஆண்டில் வேலை ஓய்வு பெறுவோர் எத்தனை என்று பக்கத்தில் எழுதுங்கள். பள்ளியும் கோயிலும் சுடுகாடும் இருக்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கலாம். அது எவருக்கும் உள்ள உரிமை. தனிப்பட்டா இருக்கிறதா, தோட்டத்தின் பட்டாவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா என்பது அப்போது தெரியும். அடங்கியிருந்தால், தோட்டம் கைமாறும்போது அதுவும் சேர்ந்து கைமாறும்.

இதைத் தோட்டத்துத் தலைவர்கள் நாலு பேர் உட்கார்ந்து முடித்துவிடக் கூடாது. தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போக என்ன வழி என்பதெல்லாம் பெண்களைக் கேட்டால்தான் தெரியும். கூட்டத்தில் அவர்கள் பின்வரிசையில் பேசாமல் இருப்பார்கள். ஆகவே குழாயடியிலோ ஆயாக்கொட்டகையிலோ போய்க் கேட்க வேண்டும். பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போய் வருகிற இளைஞர்களையும் கேட்க வேண்டும். அவர்களில் பலர் தோட்ட வேலை வேண்டாம் என்பார்கள், ஆனால் இந்த ஊர் வேண்டும் என்பார்கள். அவர்களுக்குத் தேவை, வேலைக்குப் போய்வரும் தூரத்தில் வாங்கக்கூடிய விலையில் ஒரு வீடு. இதைக் கேட்காமல் தயாரிக்கும் பட்டியல் இன்றைய பெரியவர்களின் பட்டியலாக மட்டுமே இருக்கும். திட்டமோ இருபது ஆண்டுக்கு எழுதப்படுவது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கோயிலுக்காக எழுதக் கூப்பிட்டால் முந்நூறு கையெழுத்து வரும்; சுடுகாட்டுக்காகக் கூப்பிட்டால் மூன்று பேர் வருவார்கள். கோயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் புதிய தாமானில் இறந்தவரை எங்கே கொண்டு போவது என்று தெரியாமல் தவித்த ஊர்கள் உண்டு. பள்ளிக்கூடமும் அப்படியே. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது இருப்பவை 530-ஐ ஒட்டித்தான். தோட்டம் கலைந்து பிள்ளைகள் குறையும்போது பள்ளியை மக்கள் குடியேறும் இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றால், அந்த இடத்தில் பள்ளிக்கென நிலம் வரைபடத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டிய நேரமும் இதுவே.

திட்டத்தால் என்ன ஆகாது என்பதையும் மறைக்கக் கூடாது. வீட்டுப் பகுதி என்று நிறம் தீட்டியதனால் யாருக்கும் வீடு கிடைத்துவிடாது. நிலக்காரர் நாளைக்கே கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை நீக்கம் ஆனால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி இழப்பீடு உண்டு: ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஆண்டு ஒன்றுக்கு 20 நாள் சம்பளம். அந்த விதிகள் தருவது சம்பளக் கணக்குதான், வீட்டைத் தருவதில்லை. வீட்டுக்குத் தனியாகப் போராட வேண்டும், தனியாகச் சேமிக்கவும் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று ஆள் சேர்த்தார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் தொழிலாளர்கள். அந்தக் காசால் தோட்டங்களே வாங்கப்பட்டன. நிலத்தை வாங்கியவர்களுக்கு, நிலத்தைப் பற்றிக் கடிதம் எழுதுவது பெரிய வேலை இல்லை.

கடிதத்தைத் தேசிய மொழியில் எழுதுங்கள். ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையே எழுதும். "எங்களைக் கவனியுங்கள்" என்று பொதுவாக எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? எந்த இடம், எவ்வளவு நிலம், எதற்காக, எத்தனை குடும்பத்துக்கு என்று தெளிவாக எழுதி, நீங்கள் வரைந்த படத்தின் நகலை இணையுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்ட மன்றத்துக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ போகிறவர் ஒருவரிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்து அனுப்புங்கள். நம் மாவட்டத்தில் இப்போது நடப்பில் உள்ள உள்ளூர்த் திட்டம் எந்த ஆண்டு வரைக்கும்? அதன் மறுஆய்வு எப்போது தொடங்கும்? நகர, கிராமத் திட்டமிடல் பிரிவின் முகப்பில் கேட்டால் சொல்வார்கள். வரைபடத்தையும் பார்க்கக் கேட்கலாம். நம் தோட்டத்தின் மீது இப்போது என்ன நிறம் இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள். பின்னர் கடிதம் கொடுக்கும்போது இரண்டு நகலாகக் கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி, கோயில் கணக்குப் புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள்.