ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன்!

தங்கப் பதக்கத்தை விட்டுக்கொடுத்த ஓட்ட வீரர்

1924-ம் ஆண்டு. பாரீஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்க இருந்தன.

100 மீட்டர் ஓட்டத்தில் பிரிட்டன் பெரிதும் நம்பியிருந்தது ஒரு கல்லூரி மாணவரை. அவர் பெயர் எரிக் லிடெல். வயது 22. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தார். முந்தின ஆண்டுதான் 100 கெஜ தூரத்தை 9.7 வினாடியில் ஓடி, பிரிட்டிஷ் சாதனையை ஏற்படுத்தி இருந்தார்.

பந்தய அட்டவணை வெளியாயிற்று. 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஜூலை 6-ந் தேதி. அன்று ஞாயிற்றுக்கிழமை!

ஓட முடியாது என்று சொல்லிவிட்டார் லிடெல்.

காரணம் என்ன?

லிடெலின் பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டு மிஷனரிகள். அவர்கள் சீனாவில் ஊழியம் செய்தபோது, 1902-ல் அங்கே பிறந்தவர் அவர். ஓய்வு நாளைப் புனிதமாகக் கொள்ள வேண்டும் என்பது வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு உரிய நாள்; அன்று விளையாடுவதில்லை என்பது சிறு வயது முதல் அவர் கைக்கொண்ட வழக்கம்.

"நாட்டை விட உன் வழக்கம் பெரிதா?" என்று பலர் கேட்டார்கள். பத்திரிகைகளும் குறை கூறின. லிடெல் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. மனம் மாறவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த தொடர் ஓட்டங்களையும் விட்டுவிட்டார்.

தனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லாத 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி செய்தார். ஜூலை 11, வெள்ளிக்கிழமை. 47.6 வினாடியில் ஓடி முதலாவதாக வந்தார். அது புதிய உலக சாதனை! அவர் விட்டுக்கொடுத்த 100 மீட்டர் பந்தயத்திலும் இன்னொரு பிரிட்டிஷ் வீரரான ஹெரால்டு ஆபிரகாம்ஸ் தங்கப் பதக்கம் வாங்கினார்.

இந்தச் சம்பவம் 1981-ல் சினிமாவாக வந்து, ஆஸ்கார் பரிசு பெற்றது. ஆனால் லிடெலின் கதை அத்துடன் முடியவில்லை. ஆண்டவருக்காக எதை விட்டாலும் அது தங்கமாகத் திரும்பி வரும் என்று கணக்குப் போட முடியாது. பின்னால் நடந்ததைப் பாருங்கள்.

சீனாவில்

புகழின் உச்சியில் இருந்தபோதே, 1925-ல் லிடெல் சீனாவுக்குப் புறப்பட்டார். அங்கே பள்ளி ஆசிரியராகவும் மிஷனரியாகவும் உழைத்தார். 1934-ல் திருமணம் நடந்தது.

யுத்த ஆபத்து நெருங்கியது. 1941-ல், கர்ப்பமாக இருந்த மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பி வைத்தார். ஊழியத்தை விட்டுப் போக மனம் வராமல், தான் மட்டும் தங்கினார். மூன்றாவது மகள் கனடாவில் பிறந்தாள். அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

1943-ல் ஜப்பானியர் அவரை வெய்சியன் என்ற இடத்தில் இருந்த முகாமில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடைபட்டிருந்தார்கள். உணவு பற்றாக்குறை. பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். லிடெல் அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டு நடத்தினார். "எரிக் மாமா" என்று பிள்ளைகள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை!

ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆடப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். வழக்கப்படி லிடெல் வர மறுத்தார். நடுவர் இல்லாமல் ஆட்டம் நடந்தது. அடிதடியில் முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊதலோடு மைதானத்தில் நின்றார் லிடெல்!

தனக்கு வரும் பதக்கத்துக்காக மீறாத வழக்கத்தை, பிறர் பெற்ற பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். ஆண்டவர் அந்த நாளில் தன்னிடம் கேட்பது அன்பைத்தான் என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

முகாமில் ஒரு பையனின் காலணி கிழிந்துபோயிற்று. குளிர்காலம். தன் ஓட்டக் காலணிகளை அவனுக்குக் கொடுத்துவிட்டார், உலக சாதனை வீரர்.

அப்போது அவர் தலையில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. 1945 பிப்ரவரி 21-ந் தேதி, முகாமிலேயே காலமானார். வயது 43. ஆறு மாதம் கழித்து முகாமில் இருந்தவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

தங்கப் பதக்கம் ஒருவர் கழுத்தோடு நின்றுவிடும். பழைய காலணிகள் ஒரு பையனின் கால்களைக் குளிரிலிருந்து காத்தன.