ஈரத்துக்கு அசையும் மரம், வெயிலுக்கு அசையும் வினைல்

கடை மேசைமேல் இரண்டு மாதிரிப் பலகைகளை வைத்தால், மேற்பரப்பை மட்டும் பார்த்து எது மரம், எது வினைல் என்று பலரால் சொல்ல முடியாது. அச்சுத் தொழில்நுட்பம் அந்த அளவுக்கு வந்துவிட்டது. தடவினால் மர ரேகையின் மேடு பள்ளம்கூட விரலில் தட்டுப்படுகிறது. ஆகவே பலகையைக் கையில் எடுத்து, அறுத்த விளிம்பைப் பாருங்கள். தரையின் குணம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எஞ்சினியர்டு வுட் பலகையின் விளிம்பில் மேலே ஓர் அடுக்கு உண்மையான மரம் தெரியும். ஓக், வால்நட், தேக்கு என்று எதுவாகவும் இருக்கலாம். மலிவான ரகத்தில் அதன் தடிமன் 0.6 மி.மீ.தான், நல்ல ரகத்தில் 4 மி.மீ., அதற்கு மேலும் இருக்கும். அதன் கீழே பிளைவுட் அடுக்குகள். ஒன்றின் ரேகை நெடுக்கே ஓடினால் அடுத்தது குறுக்கே ஓடும். வினைலில் இப்போது அதிகம் விற்பது எஸ்.பி.சி. எனப்படும் ரகம். சுண்ணாம்புக்கல் தூளையும் பி.வி.சி.யையும் கலந்து அழுத்திய கெட்டியான நடுப்பகுதி, அதன்மேல் ரேகை அச்சிட்ட மெல்லிய ஃபிலிம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற தேய்மானப் படலம். மொத்தமே 4 முதல் 6 மி.மீ.

இரண்டுமே அசையும் பொருள்கள். சுவரோடு சுவராகப் படுத்துக் கிடக்கும் தரை அசைகிறது என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் தரை எழும்புவது, விரிசல் விடுவது, 'டக் டக்'கென்று ஓசை எழுப்புவது போன்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த அசைவிலிருந்து பிறப்பவைதான்.

மரம் பலகையான பிறகும் காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. அதன் செல் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நெடுக்குவாட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன. காற்றில் ஈரம் ஏறும்போது நீர் மூலக்கூறுகள் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்கும். அதனால் பலகை அகலத்தில் உப்பும், நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும் அறையில் மரம் தன் உலர் எடையில் சுமார் 9 விழுக்காடு நீரை வைத்திருக்கும். ஈரப்பதம் 80 ஆனால் அது 16 விழுக்காட்டைத் தொடும். இந்த 7 விழுக்காட்டு ஏற்றத்துக்கு, முழு மரத்தாலான சிவப்பு ஓக் தரை ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 26 மி.மீ. விரியப் பார்க்கும். 4 மீட்டர் அறைக்குக் கணக்குப் போட்டால் 10 சென்டிமீட்டர்! சுவர் அந்த இடத்தைக் கொடுக்காது. தரை மேல்நோக்கி எழும்பும். தேக்கு இதில் பாதிதான் அசையும். நம் முன்னோர் கதவுக்கும் நிலைக்கும் தேக்கைத் தேடிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த விரிவை அடக்கத்தான் குறுக்கு அடுக்கு. ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் கேர் என்பவர் 1941இல் பல அடுக்கு மரத்தரைக்குக் காப்புரிமை பெற்றார். மேல் அடுக்கு அகலத்தில் விரியப் பார்க்கும்போது, அதே திசையில் நீளவாட்டமாகக் கிடக்கும் அடியடுக்கு விடாமல் இழுத்துப் பிடிக்கும். மரத்தை மரத்தாலேயே கட்டிவைக்கும் இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ஆனால் அசைவு குறைகிறதே தவிர மறைவதில்லை. விரிய முடியாத மேல் அடுக்கின் இறுக்கம் முழுவதையும் நடுவிலிருக்கும் பசை தாங்குகிறது.

நம் ஊர்க் கதை இங்கேதான் மாறுகிறது. பல அடுக்குப் பலகை தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போது அதன் ஈரம் 5 முதல் 9 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வறண்டு கிடக்கும் வீடுகளுக்கான கணக்கு அது. அதே பலகை சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ வந்தால், வந்த நாள் முதல் நீரை உறிஞ்சத் தொடங்கும். இரவில் ஏசி போட்டுப் பகலில் ஜன்னலைத் திறப்பதால் மரம் கெடுமோ என்று பலர் கவலைப்படுகிறார்கள். அந்த ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. வார்னிஷ் பூசிய மரம் மெதுவாகத்தான் ஈரத்தை வாங்கும். ஒரே நாளின் மாற்றம் ஆழமாக இறங்காது. வாரக்கணக்கில் நீடிக்கும் ஈரம்தான் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில், பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போனவர்கள் பூட்டிவைத்த ஃபிளாட்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வேலூர் போன்ற ஊர்களில் கோடையின் வறட்சி எதிர்த்திசையில் இழுக்கும். பலகைகளுக்கிடையே இடைவெளி தெரியும்.

வினைலுக்குக் காற்றின் ஈரம் ஒரு பொருட்டே இல்லை. அதன் மூலப்பொருளான பி.வி.சி.யை 1872இலேயே ஜெர்மனியில் ஆய்கன் பௌமன் பார்த்துவிட்டார். அப்போது அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. 1926இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் வால்டோ செமன், அதைக் கரைப்பானில் சூடாக்கி ரப்பர்போல் வளையும் பொருளாக மாற்றினார். இன்றைய வினைல் தரையின் தொடக்கம் அதுதான்.

வினைலை அசைப்பது வெப்பம். ஒரு மீட்டர் பி.வி.சி. ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.06 மி.மீ. நீளும். இரவு ஏசியில் 24 டிகிரியில் இருந்த தரையில் மறுநாள் பிற்பகல் மேற்கு வெயில் விழுந்து 44 டிகிரிக்கு ஏறினால், 8 மீட்டர் ஹாலில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீட்சி. எஸ்.பி.சி.யில் கல்தூள் கலப்பதால் இது குறையும், இல்லாமல் போகாது. அதனால்தான் சுவரோரம் இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங்கால் மறைக்கிறார்கள். மேஸ்திரி அந்த இடைவெளியை விட்டாரா என்று ஸ்கர்ட்டிங் அடிப்பதற்கு முன்பே குனிந்து பார்த்துவிடுங்கள். இன்னொன்று, கிளிக் முறையில் ஒட்டாமல் போட்ட தரைமேல் அறையின் இரு பக்கமும் கனமான இரும்பு பீரோக்களை நிறுத்தினால் தரை நகர வழியில்லாமல் நடுவில் உப்பும். பால்கனிக் கண்ணாடிக் கதவை ஒட்டிய இடத்தில் அடர்நிற வினைல் வேண்டவே வேண்டாம்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று பெட்டியில் போட்டிருப்பது பலகைக்கு உண்மை, தரைக்கு அல்ல. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டால் ஓரங்கள் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் நீர் அடியில் போகும். மேலே வினைல் மூடியிருப்பதால் அது காய வழியில்லை. பூஞ்சை வாடை அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஈரம் கான்கிரீட்டிலிருந்தும் வரும். புது வீட்டுத் தளத்தில் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் ஷீட்டை விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி பூத்திருந்தாலோ, சிமெண்ட் கருத்திருந்தாலோ தளம் இன்னும் காயவில்லை. இரண்டு ரகத்தில் எதைப் போடுவதானாலும் அன்றைக்குப் போடக்கூடாது.

மூச்சுக்காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். பிளைவுட் பசைகளில் யூரியா-ஃபார்மால்டிஹைடு உண்டு. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. வெப்பமும் ஈரமும் கூடினால் இந்தப் பசையிலிருந்து வாயு கூடுதலாகக் கசியும். நம் கடலோரத்தில் இரண்டுமே தாராளம். ஆகவே 'இ1' அல்லது அதைவிடக் கடுமையான தரச்சான்று இல்லாத பலகையைத் தொடாதீர்கள். வினைலில் கேட்கவேண்டியது தாலேட் பற்றி. பி.வி.சி.யை வளையச் செய்ய இந்த மென்மையூட்டிகளைச் சேர்ப்பார்கள். சில வகைகள் ஹார்மோன் இயக்கத்தில் குறுக்கிடுபவை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தாலேட் இல்லாதது என்று எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். ரோல் வினைலைவிட விறைப்பான எஸ்.பி.சி.யில் மென்மையூட்டியின் தேவை குறைவு.

காலுக்கு எப்படி இருக்கும்? கிரானைட் நம் உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சுவதால் குளிர்கிறது. மரமும் பி.வி.சி.யும் வெப்பத்தைக் கடத்துவதில் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மந்தம். மூட்டுவலிக்காரர்களுக்கு மார்கழி விடியலில் இது பெரிய ஆறுதல். சித்திரை மதியத்தில் வெறுந்தரையில் படுத்துச் சுகம் காண்கிற பழக்கமிருந்தால் அந்தச் சுகம் போய்விடும்.

ஆயுள் விஷயத்தில் மரம் முந்துகிறது, மேல் அடுக்கு தடிமனாக இருந்தால். 4 மி.மீ. அடுக்கை இரண்டு மூன்று முறை இழைத்து மெருகேற்றலாம். விளக்குச் சுடர் பட்ட கரியையும் சுரண்டி எடுக்கலாம். 0.6 மி.மீ. அடுக்கில் இழைப்புக்கு இடமே இல்லை. மர விலை கொடுத்து வினைலின் ஆயுளை வாங்குவது அது. வினைலின் தேய்மானப் படலம் 0.3 மி.மீ. என்றால் படுக்கையறைக்குப் போதும், ஹாலுக்கு 0.5 மி.மீ. கேளுங்கள். அது தேய்ந்து அச்சுப்படம் வெளியே வந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கழற்றிய பி.வி.சி.யை மறுசுழற்சி செய்வதும் கடினம். குப்பைமேட்டில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் நம் காற்றிலேயே கலக்கும். இதையும் விலையோடு சேர்த்துத்தான் நான் எண்ணுகிறேன்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பழைய மொசைக் நன்றாக இருந்தால் அதை மூடாதீர்கள், பாலிஷ் போடுங்கள். கடலோர ஊர்களில், தரைத்தளத்தில், தினமும் ஈர மாப் போடும் வீட்டில், கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் எஸ்.பி.சி.தான் சரி. மாடியில், ஆண்டு முழுவதும் ஆள் புழங்கும் படுக்கையறைக்கு, தேக்கு மேலடுக்கு கொண்ட எஞ்சினியர்டு வுட் போடலாம். பசையிட்டுத் தளத்தோடு ஒட்டினால் அசைவு இன்னும் குறையும். சமையலறைக்கு இரண்டையும் சிபாரிசு செய்யமாட்டேன். எதை வாங்கினாலும் அதே பேட்ச் எண்ணில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, பரணில் தட்டையாகக் கிடத்தி வையுங்கள். நான்கு ஆண்டு கழித்து ஒரு பலகை உடையும்போது அதே நிறம் கடையில் கிடைக்காது.