காலாப்பட்டு சாலையில் ஒரு பந்தயம்

புதுச்சேரி பஸ் நிலையத்தில் காலாப்பட்டுக்குப் போகிற பஸ் ஒன்றில் ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்காருங்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டிச் சற்று நேரத்துக்கெல்லாம் நீங்கள் புதுச்சேரியை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து விடுவீர்கள். கண்டக்டர் அதைச் சொல்ல மாட்டார், உங்களுக்கும் தெரியாது. கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் ஜில்லா. அதற்கப்புறம் பார்த்தால், மறுபடியும் புதுச்சேரி வந்து நிற்கிறது! பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தப் பூமியைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக் கொண்டபோது பூகோள வாத்தியார் யாரையும் கலந்து ஆலோசித்ததாகத் தெரியவில்லை.

அப்படித் தனியாகத் துண்டாகிக் கடலோரத்தில் கிடக்கும் ஊர்தான் காலாப்பட்டு. செம்படவர்களின் ஊர். ஆனால் கடந்த நாற்பது வருஷங்களில் சரஸ்வதி தேவி இங்கே நிரந்தரமாகக் குடியேறி விட்டாள். 1984ல் என்ஜினீயரிங் கல்லூரி, 1985ல் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி வேறு. சட்டம் படிக்கிறவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, மத்தியச் சிறைச்சாலையும் இங்கேயேதான் இருக்கிறது.

நாம் இன்று பார்க்கப் போவது கல்லூரிகளை அல்ல, பள்ளிக்கூடங்களை. காலாப்பட்டில் சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளிகள் மூன்று வகை. ஒன்று ஜவஹர் நவோதயா வித்யாலயா. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்து, ஆறாவதில் சேர்த்து, அங்கேயே தங்கவும் உண்ணவும் வைத்துப் படிக்க வைக்கிறார்கள். முக்கால் பங்கு இடங்களாவது கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்பது விதி. இரண்டாவது, பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் கேந்திரிய வித்யாலயா. ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் குழந்தைகளுக்கு அங்கே முதலிடம். மூன்றாவது, புதுவை அரசின் பள்ளிக்கூடம். அங்கே பொறுக்குவதும் கிடையாது, முதலிடமும் கிடையாது. விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு வரும் அப்பாவின் மகனும் வரலாம். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத பெண்ணும் வரலாம். வாசல் திறந்தே இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்புவரை இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது. புதுவைக்கென்று சொந்தமாகப் பரீட்சை வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தைப் படித்தன, மாஹே கேரளத்தை ஒட்டிக் கொண்டது, ஏனாம் ஆந்திரத்தை. இந்த நான்கு ஊர்ச் சமையல் வேண்டாம் என்று அரசு தன் பள்ளிகளையெல்லாம் மத்திய வாரியமான ஸி. பி. எஸ். இ.க்கு மாற்றியது. 2025ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதன் முதலாக அந்த வாரியத்தின் பொதுத் தேர்வை எழுதினார்கள். ஆக, இப்போது ஒரே சாலையில் இருக்கும் மூன்று பள்ளிகளுக்கும் ஒரே வினாத்தாள்!

ஒரே வினாத்தாள் என்றால் அடுத்த கேள்வி என்ன? "எந்தப் பள்ளி முதல்?" என்பதுதான். நமக்கு அந்தச் சபலம் லேசில் விடாது. 2017ல் தமிழ்நாட்டு அரசு பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மாநில அளவில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் அறிவிப்பதை நிறுத்தியது. ஹெட்மாஸ்டர் ஓர் உருண்டை லட்டை மாணவியின் வாயில் திணிக்க, அவள் காமிராவைப் பார்த்துத் திணறும் அந்தப் பழைய புகைப்படங்கள் அதோடு அருகிப் போயின. பிள்ளைகளுக்கு ராங்க் போனால் என்ன, பள்ளிகளுக்கு இருக்கிறதே! தேர்ச்சி விகிதம் நூற்றுக்கு நூறு என்று பள்ளி வாசலில் கட்டும் துணிப் பதாகை மட்டும் இன்னும் அவிழவில்லை.

அந்தப் பதாகையைப் பற்றி எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. நான் ஒன்பதாம் வகுப்பு படித்த பள்ளியில் - பெயர் வேண்டாம் - என் பக்கத்து இடத்தில் ஒரு பையன். கணக்கில் மந்தம்; மற்றபடி கெட்டிக்காரன். வகுப்பில் மின்விசிறி நின்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வருஷக் கடைசியில் அவனுடைய அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பையன் பத்தாவதுக்குப் போனால் தேற மாட்டான், இப்போதே சான்றிதழை வாங்கிக் கொண்டு வேறு இடம் பாருங்கள் என்று மரியாதையாகவே சொன்னார்கள். அவனோடு இன்னும் ஐந்தாறு பேர். மறு வருஷம் எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு! எங்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். அந்த நூறில் அவன் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விகிதத்தை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு, பாருங்கள். மேலே இருக்கும் எண்ணைக் கூட்டலாம். அல்லது கீழே இருக்கும் எண்ணைக் குறைக்கலாம். முன்னதற்கு ஒரு வருஷம் பாடுபட வேண்டும். பின்னதற்கு ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் போதும்.

இது நம்மவர்கள் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்து விடாதீர்கள். 1862ல் இங்கிலாந்தில், பிள்ளைகள் பரீட்சையில் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்று ஒரு சட்ட திட்டம் கொண்டு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். ஒரு பாடத்தில் தவறினால் பள்ளிக்கு இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் நஷ்டம். உபாத்தியாயர்கள் என்ன செய்தார்கள்? வாசகப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை நெட்டுருப் போட வைத்தார்கள். பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இந்த ஏற்பாட்டைக் கண்டித்துக் கொண்டே இருந்தார். அந்தச் சரக்கு கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கேயும் பள்ளிகளுக்குப் பலனைப் பார்த்து மானியம் கொடுத்தார்கள். 1904ல் இந்திய சர்க்காரின் கல்விக் கொள்கைத் தீர்மானம் அதைக் கைவிடச் சொன்னது.

அமெரிக்காவின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2002ல் ஒரு சட்டம் செய்து, ஒவ்வொரு பள்ளியும் வருஷா வருஷம் இவ்வளவு முன்னேற வேண்டும், 2014க்குள் அத்தனை பிள்ளைகளும் தேர்ச்சி அடைய வேண்டும் என்றார்கள். அட்லாண்டா நகரத்துப் பள்ளிகள் தாவித் தாவி முன்னேறின, பாராட்டுகளும் குவிந்தன. 2011ல் வெளியான விசாரணை அறிக்கையைப் பார்த்தால், 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் முறைகேட்டில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். பிள்ளைகள் எழுதிய தப்பு விடைகளை ரப்பரால் அழித்துவிட்டுச் சரியான விடைகளைக் குறித்திருக்கிறார்கள்! வழக்கு நடந்து 2015ல் பதினொரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று.

"அப்படியானால் பள்ளிகளை அளக்கவே கூடாதா? நன்றாக நடத்துகிறவருக்கு ஒரு பரிசு கொடுத்தால் குற்றமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அளக்காமல் விட்டால் சோம்பேறிக்குத்தான் கொண்டாட்டம். எதை அளப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

காலாப்பட்டுக்கே திரும்பி வருவோம். பொறுக்கி எடுத்த பிள்ளைகளை வைத்துக் கொண்டு நவோதயா முதலில் வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அது அந்தப் பள்ளியின் திறமையா, ஐந்தாம் வகுப்பிலேயே அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த திறமையா? மொத்த மார்க்கைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆறாவதில் எங்கே இருந்தவன் பத்தாவதில் எங்கே வந்து நிற்கிறான் என்று பார்த்தால் ஓரளவு சொல்லலாம்.

டில்லியில் நிதி ஆயோக் 2019ல் இப்படி ஒரு காரியம் செய்தது. மாநிலங்களின் பள்ளிக் கல்வித் தரத்துக்கு 30 அம்சங்களில் மதிப்பெண் போட்டு, இரண்டு பட்டியல்கள் வெளியிட்டது. ஒன்று, இன்று யார் எங்கே இருக்கிறார்கள் என்பது. மற்றொன்று, முந்திய கணக்கிலிருந்து யார் எவ்வளவு ஏறியிருக்கிறார்கள் என்பது. பெரிய மாநிலங்களில், முதல் பட்டியலில் கேரளம் 76.6 வாங்கித் தலைமை வகித்தது. உத்தரப் பிரதேசம் 36.4 வாங்கிக் கடைசி. இரண்டாவது பட்டியலைத் திருப்பினால், அரியானாவும் அஸ்ஸாமும் முன்னே நிற்க, அவற்றுக்கு அடுத்தபடியாக அதே உத்தரப் பிரதேசம்! கடைசி பெஞ்சுப் பையனுக்கும் ஒரு பரிசு கிடைத்த மாதிரி.

ஆனால் இதிலும் கண்ணை மூடிக் கொண்டு இறங்கக் கூடாது. ஒரு சிறிய பள்ளியில் நாற்பது பேர் பரீட்சை எழுதுகிறார்கள் என்று வையுங்கள். போன வருஷம் 36 பேர் தேறினார்கள், விகிதம் 90. இந்த வருஷம் 38 பேர், விகிதம் 95. ஆஹா, ஐந்து புள்ளி ஏற்றம், கேடயம் கொடு என்று கிளம்பி விடலாமா? வித்தியாசம் இரண்டே இரண்டு பிள்ளைகள். போன வருஷம் இரண்டு பேருக்கு அம்மை வார்த்திருந்தால் கூட இந்தக் கணக்கு வந்திருக்கும். தவிரவும், போன வருஷப் பத்தாம் வகுப்பு வேறு பிள்ளைகள், இந்த வருஷத்தவர்கள் வேறு பிள்ளைகள். அதே குழந்தையைத் தொடர்ந்து கவனித்தால்தான் முன்னேற்றம் என்கிற வார்த்தைக்கு அர்த்தம்.

இதைச் சரியாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2005ஆம் வருஷம் தொடங்கி ஆந்திரக் கிராமங்களில் 500 அரசு ஆரம்பப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். வருஷ ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை. முடிவில் ஒரு பரீட்சை. சில பள்ளிகளில், சராசரி உயர்வு ஐந்து சதவிகிதத்தைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொரு சதவிகிதத்துக்கும் ஆசிரியருக்கு ஐந்நூறு ரூபாய். சிலவற்றில் ஆசிரியர் தனித்தனியே பரிசு பெற்றார். சிலவற்றில் பள்ளி முழுவதற்கும் சேர்த்து.

கவனியுங்கள்: இதில் முதல், இரண்டாவது என்ற பந்தயமே கிடையாது. அடுத்த ஊர் வாத்தியார் தோற்றால்தான் நான் ஜெயிக்க முடியும் என்பதில்லை. உயர்த்துகிற அத்தனை பேருக்கும் பரிசு உண்டு. இன்னொரு நுணுக்கமும் செய்திருந்தார்கள். முதல் பரீட்சை எழுதிய பிள்ளை முடிவுப் பரீட்சைக்கு வராவிட்டால், அவனை மார்க்கு குறைந்தவனாகவே கணக்கில் வைத்தார்கள். மந்தமான பையனை ஒளித்து வைப்பதால் காலணா லாபம் இல்லை!

இரண்டு வருஷத்தில் பலன் தெரிந்தது. கணக்கிலும் மொழியிலும் பரிசுப் பள்ளிகளின் பிள்ளைகள் மற்றப் பள்ளிகளை முந்தினார்கள்; பரிசுக் கணக்கில் சேராத விஞ்ஞானத்திலும் சமூக பாடத்திலும் கூட முந்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், பரிசுக்காக ஆசிரியர்கள் லீவு போடுவதை ஒன்றும் குறைத்துக் கொண்டு விடவில்லை. வந்த நாட்களில் கூடுதலாக வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், பள்ளி விட்ட பிறகும் வகுப்பு எடுத்தார்கள், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே கவனித்தார்கள்.

இதற்கு நேர் எதிராக மத்தியப் பிரதேசத்தில் ஒரு திட்டம். பள்ளிகளைப் பரிசோதித்துத் தரம் போட்டு, முன்னேற்றத் திட்டமும் எழுதச் சொன்னார்கள். அழகழகான அறிக்கைகள் தயாராயின. முரளிதரனும் அபிஜித் சிங் என்பவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை வைத்து ஆராய்ந்து 2020ல் வெளியிட்ட முடிவு: பிள்ளைகளின் படிப்பில் மாறுதல் எதுவும் இல்லை. காகிதத்தில் தரம் போட்டதோடு விஷயம் நின்று விட்டது. அதற்குள் அந்த மாதிரித் திட்டம் தேசம் முழுவதும் பரவியும் விட்டது!

புதுவைக்கு இதிலெல்லாம் அக்கறை இருக்கக் காரணம் உண்டு. கனக சுப்புரத்தினம் என்று ஒரு வாத்தியார் 1909லிருந்து 1946 வரையில் இந்தப் பிரெஞ்சு ராஜ்யத்துப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார். பாரதிதாசன் என்றால் தெரியும். அவரைத் தேர்ச்சி விகிதம் பார்த்து எத்தனையாவது இடத்தில் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

ஸி. பி. எஸ். இ.க்கு மாறிய பிறகு தமிழில் படித்து வந்த பிள்ளைகள் பலர் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். இந்தச் சமயம் பார்த்து மொத்த விகிதத்தை வைத்துப் பட்டியல் போட்டால் காலாப்பட்டு அரசுப் பள்ளி மாதிரியானவைதான் அடிபடும். எனக்குக் கேட்டால், ஒவ்வொரு பள்ளியும் வருஷா வருஷம் தகவல் பலகையில் மூன்று எண்களை எழுதி வைக்கட்டும் என்பேன். ஆறாவதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பத்தாவது எழுதினார்கள். எத்தனை பேர் தேறினார்கள். நடு எண் குறைந்திருந்தால், எங்கே போனார்கள் என்று பெற்றோர் கேட்கட்டும். பிறகு கேடயம் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம்.

சென்ற மாதம் காலாப்பட்டிலிருந்து திரும்பும்போது பஸ் கிடைக்காமல் ஒரு டெம்போவில் ஏறினேன். ஓட்டுகிறவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக் கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் பேர் சொல்லிக் கூப்பிட்டார். என் பழைய பக்கத்து இடத்துக்காரன்! வண்டி சொந்த வண்டியாம். காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாளாம். மொபைலில் அவளுடைய மதிப்பெண் அட்டையைப் படம் பிடித்து வைத்திருந்தான். எடுத்து என்னிடம் காட்டினான்.

"நீ படிச்சவன், பார்த்துச் சொல்லுப்பா. போன வருஷம் கணக்குல முப்பத்தெட்டு. இப்போ ஐம்பத்தொண்ணு. இது நல்லா படிக்கிறதா அர்த்தமா, இல்லையா?"

நல்லாப் படிக்கிறாள் என்றேன். "அப்போ பத்தாவது எழுத விடுவாங்க இல்லே?" என்று கேட்டான்.