வாசம் பிடிக்கும் டீத்தூள்

பறித்த தேயிலைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். வாட்டி, நொறுக்கி, நொதிக்கவிட்டு, கடைசியில் சுடுகாற்றில் உலர்த்தி மூட்டை கட்டும்போது ஈரப்பதம் ஏறத்தாழ 3 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். அவ்வளவு காய்ந்த பொருள் சும்மா இருக்குமா? காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் அதையும் இழுத்துக்கொள்ளும்.

சீனாவின் ஃபூச்சோ நகரத்தார் இந்தக் குணத்தையே தொழிலாக்கிவிட்டார்கள். பகலில் பறித்த மல்லிகை மொட்டு இரவில்தான் விரியும். அந்த நேரம் பார்த்துத் தேயிலையோடு கலந்துவைத்து, மணம் ஏறியதும் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். உயர்ந்த ரகத்துக்கு இதைப் பலமுறை செய்வதுண்டு. மணத்தோடு பூவின் ஈரமும் ஏறிவிடுவதால் தேயிலையை மறுபடி உலர்த்தியாக வேண்டும். அங்கே மணமூட்டுவது நம் மதுரை மல்லியின் இனத்துப் பூ. நம் சமையலறையில் அந்த வேலையைப் பெருங்காயமும் சாம்பார் பொடியும் செய்கின்றன.

நம் வீடுகளில் புழங்குவது பெரும்பாலும் தூள் ரகம். முழு இலையைவிடத் தூளில் காற்றுப் படும் பரப்பு மிக அதிகம். டிகாஷன் சட்டென்று இறங்குவதும் அதனால்தான், தூள் சீக்கிரம் நமத்துப் போவதும் அதனால்தான். ஈரமும் சூடும் சேர்ந்தால் தியாஃபிளேவின் என்ற பொருள் குறைந்துகொண்டே வரும். டீக்குப் பளிச்சென்ற நிறமும் நாக்கில் விறுவிறுப்பும் தருவது அது. அது போனபின் இன்னொரு கரண்டி தூள் போட்டால் நிறம் கறுக்கும், அவ்வளவுதான்.

தூளைக் கெடுப்பதில் அடுப்புக்குத்தான் முதலிடம். கொதிக்கும் பாலுக்கு மேலேயே டப்பாவைத் திறந்து அள்ளுகிறோமே, ஆவி நேராக உள்ளே இறங்குகிறது. ஈரக் கரண்டி வேறு. கண்ணாடி ஜாடி பார்க்க அழகு. ஆனால் வெளிச்சமும் தேயிலையின் மணத்தைக் கெடுக்கும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா போதும், அடுப்பைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். பழைய மசாலா டப்பாவை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இதற்கு ஆகாது.

ஃபிரிட்ஜ்? தினமும் எடுக்கும் தூளுக்கு வேண்டவே வேண்டாம். குளிர்ந்த டப்பாவை வெளியே திறந்ததும் காற்றின் ஈரம் தூளின்மேல் நீராகப் படியும். பிரிக்காத பச்சைத் தேயிலைப் பொட்டலத்தை வேண்டுமானால் வைக்கலாம். எடுத்தபின் அறைச்சூட்டுக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது.

சலுகை விலை என்று கிலோக்கணக்கில் வாங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கால் கிலோ தீர்ந்ததும் அடுத்த கால் கிலோ வாங்கலாம். பழைய தூள் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, சுவைதான் போயிருக்கும். பூஞ்சை வாடை அடித்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.